ஊரைச் சுத்தம் செய்யும் பாறு

(பூதிகோட்டையில் மாடு வளர்ப்போர் முன்னால் பேசிய பேச்சு)



பாறு என்ற பறவையைத் தெரியுமா? பிணந்தின்னிக் கழுகு என்பார்கள். கன்னடத்தில் ரணஹத்து. பெயரைக் கேட்டாலே பலர் முகம் சுளிப்பார்கள். அபசகுனம் என்பார்கள்.

ஆனால் அதைக் கூண்டில் வைத்து வளர்ப்பவர்கள் கண்டது வேறு.

ஹரியானாவில் பிஞ்சோர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே 2001-இல் பாறுகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கினார்கள். பெரிய பெரிய கூண்டுகள். அங்கே வேலை செய்கிறவர்கள் தினமும் பறவைகளைக் கவனிக்கிறார்கள்.

பாறு அழுக்கான பறவை இல்லை. தின்று முடித்ததும் தண்ணீரில் இறங்கிக் குளிக்கும். தலை மொட்டையாக இருப்பதால் ரத்தம் அதிகம் ஒட்டாது. வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டும் குஞ்சுக்கு இரை ஊட்டும். நம் வீட்டு அப்பாக்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள்!

சரி, ஏன் கூண்டில் வளர்க்க வேண்டும்? பாறு இனமே அழியப் பார்த்தது. வெண்முதுகுப் பாறு என்று ஒரு வகை. 1992 முதல் 2007-க்குள், நம் நாட்டில் ஆயிரம் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது.

காரணம் 2004-இல் தெரிந்தது. டைக்ளோஃபெனாக் என்ற மருந்து. வலி தீர மாட்டுக்குப் போடுவார்கள். ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்தால், மருந்து அதன் உடம்பிலேயே இருக்கும். அதைத் தின்ற பாறுவின் சிறுநீரகம் கெடும். சில நாளில் பாறு சாகும்.

பாறு போனதும் என்ன ஆயிற்று? செத்த மாடு கிடந்து நாறியது. நாய்கள் தின்று பெருகின. வெறிநாய்க்கடி பயமும் கூடியது.

2006-இல் மாட்டுக்கு அந்த மருந்து கூடாது என்று அரசு தடை போட்டது. 2023-இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் மருந்துகளுக்கும் தடை வந்தது. பிஞ்சோரில் வளர்ந்த 8 பாறுகளை 2020-இல் வெளியே பறக்கவிட்டார்கள்.

பிஞ்சோர் தூரம்தான். ஆனால் நம் கர்நாடகத்திலும் பாறு உண்டு. ராமநகரத்தில் ராமதேவர பெட்டா மலை 2012-இல் பாறு சரணாலயம் ஆனது. அங்கே சில பாறுகளே மிஞ்சின. பாறு ஒரே நாளில் நூறு கிலோமீட்டர்கூடப் பறக்கும். ஊர் எல்லை அதற்குத் தெரியாது. நம் மாட்டுக்குப் போடும் ஊசி அதன் உயிரைத் தொடும்.

மாட்டுக்கு வலி என்றால் ஊசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெலாக்சிகாம் என்ற மருந்து இருக்கிறது. மாட்டுக்கும் நல்லது. பாறுவுக்கும் கெடுதல் இல்லை. கால்நடை மருத்துவரிடம் அதைக் கேளுங்கள். என்ன ஊசி என்று உங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். பெயரைப் படித்துப் பார்த்த பிறகு ஊசி போடச் சொல்லுங்கள்.



கூடிப் பேசுங்கள்:
1. உங்கள் ஊரில் பெரியவர்கள் பாறுவைப் பார்த்திருக்கிறார்களா?
2. செத்த மாட்டை இப்போது என்ன செய்கிறீர்கள்?
3. உங்கள் மாட்டுக்குக் கடைசியாகப் போட்ட ஊசியின் பெயர் என்ன?