வீட்டுக் கணிப்பொறியும் இணையத் தடையும்

வயலுக்குத் தண்ணீர் வரவில்லையென்றால், உய்யக்கொண்டான் பாசனத்து உழவர் உடனே வாய்க்காலின் தலைப்பாகிய பேட்டைவாய்த்தலைக்கு ஓடுவதில்லை. முதலில் தம் மடையைப் பார்க்கிறார். பிறகு கிளை வாய்க்காலைப் பார்க்கிறார். வீட்டுக் கணிப்பொறியில் இணையம் நின்றால் நாம் கைக்கொள்ள வேண்டிய முறையும் இதுவே.

1995 ஆகஸ்டு 15ஆம் நாள் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்டபோது, அது ஒரு சிலருக்கே எட்டிய வசதி. இன்றோ ஸ்ரீரங்கத்தில் தனித்திருக்கும் பெற்றோர் கடல் கடந்து வாழும் மக்களின் முகம் காண்பதும், திருச்சி மாணவர் கல்லூரிக்கு விண்ணப்பம் அனுப்புவதும் அதன் வழியாகத்தான். ஆகவே அது நின்றால் மனம் பதறுகிறது. பதற்றத்தில் கண்டதையெல்லாம் மாற்றினால், ஒரு குறை இரண்டாகிவிடும்.

முதற் சோதனை எளிது. கைப்பேசியின் சொந்த டேட்டாவை நிறுத்திவிட்டு, அதனை வீட்டு வைஃபையில் இணைத்துப் பாருங்கள். அதில் இணையம் வந்தால், குறை பெரும்பாலும் கணிப்பொறியில் இருக்கிறது. அதனை ஒருமுறை அணைத்து ஏற்றுங்கள். தேதியையும் நேரத்தையும் கவனியுங்கள். பாதுகாப்பான தளங்கள் ஒவ்வொன்றுக்கும் காலவரையுள்ள சான்றிதழ் உண்டு. கணிப்பொறியின் கடிகாரம் சில ஆண்டுகள் பின்தங்கிவிட்டால், நல்ல சான்றிதழையும் அது ஏற்க மறுக்கும். பழைய பொறிகளில் உள்ளிருக்கும் சிறு பாட்டரி தீர்ந்துபோவதால் இவ்வாறு நேர்வதுண்டு.

கணிப்பொறியின் வலைமுகவரி 169.254 என்று தொடங்கினால், மோடத்திடமிருந்து அதற்கு முகவரி கிடைக்கவில்லை என்று பொருள். நீண்டு கிடக்கும் பழைய வீடுகளில் திண்ணையறையில் மோடமும் கொல்லைப்புறத்தில் கணிப்பொறியும் இருந்தால், இடையிலுள்ள கனத்த சுவர்களே அலையைத் தடுக்கக்கூடும். பொறியை மோடத்தின் அருகே கொண்டுவந்து பார்த்தால் உண்மை விளங்கிவிடும்.

கைப்பேசியிலும் இணையம் வரவில்லையென்றால் மோடத்தைப் பாருங்கள். மின்சாரத்தை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மீண்டும் கொடுங்கள். எல்.ஓ.எஸ். என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளியிழையில் ஒளி வந்து சேரவில்லை. கம்பி எங்கேனும் மடங்கியிருக்கலாம், அறுந்தும் இருக்கலாம். அதன் முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்க்கலாகாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாதது, ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யக்கூடியது. மோடத்தின் பின்புறத் துளையிலுள்ள ரீசெட் பொத்தானையும் அழுத்த வேண்டாம். நிறுவனத்தார் பதிந்துவைத்த அமைப்புகள் அழிந்துபோகும். இனி அவர்களை அழைப்பதே முறை.

அழைக்கும்போது அவர்களுடைய ரசீதில் உள்ள எண்ணையே பயன்படுத்துங்கள். "உங்கள் இணையத்தைச் சரிசெய்கிறோம்" என்று அழையாமலே அழைப்பவர் சொல்லும் செயலி எதனையும் ஏற்றாதீர்கள், ஓ.டி.பி. எண்ணையும் சொல்லாதீர்கள். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவியுங்கள். இணையம் ஒரு நாள் நின்றால் மறுநாள் வந்துவிடும். முதுமைக்கென்று சேர்த்த பொருள் அவ்வாறு திரும்பி வருவது அரிது.