புள்ளிகளும் கோடுகளும்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ராணுவக் கட்டுப்பாட்டு அறை என்றதும் பெரிய வரைபடமும் டெலிபோன்களும்தான் நமக்கு ஞாபகம் வரும். ஆராய்ச்சியாளர்கள் அங்கே வேறொரு படம் வரைகிறார்கள். ஆளுக்கு ஒரு புள்ளி. யார் யாரிடம் பேசினாரோ, அவர்களுக்கு நடுவே ஒரு கோடு. அவ்வளவுதான்! 'சமூக வலைப்பின்னல் ஆய்வு' என்று இதற்குப் பெயர். ஒருவரிடம் எத்தனை கோடுகள் வந்து சேருகின்றன, யார் வழியாகத்தான் செய்தி போயாக வேண்டியிருக்கிறது என்று இதில் கணக்குப் போடலாம். இரண்டாவது கணக்குக்கு லின்டன் ஃப்ரீமன் 1977-இல் சூத்திரமே தந்தார்.

1951-இல் ஹெரால்டு லெவிட் ஐந்தைந்து பேராக உட்கார வைத்து ஒரு சோதனை நடத்தினார். சீட்டு எழுதித்தான் பேச வேண்டும். நால்வரும் நடுவில் இருப்பவருக்கு மட்டுமே எழுதிய குழுவில் தப்பு குறைவு. வட்டமாக எழுதிக்கொண்ட குழுவில் தப்பு அதிகம், ஆனால் வேலையில் திருப்தியும் அதிகம். சரி, அந்த நடு ஆள் திணறிவிட்டால் என்ன கதி?

2004 டிசம்பர் 26-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முப்படைகளுக்கும் பொதுவான அந்தமான் நிகோபார் கட்டளையகம் 2001-லேயே வந்துவிட்டது. அன்று காலை சுமார் 6.30-க்குப் பூகம்பம். கார் நிகோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் அடித்துப் போனது. 7.30 மணி வாக்கிலேயே தமக்குத் தகவல் கிடைத்ததாக அப்போதைய விமானப்படைத் தளபதி கிருஷ்ணசாமி பிறகு சொன்னார். வானிலைத் துறையின் ஃபேக்ஸோ பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சருக்குப் போய்ச் சேர்ந்ததாகப் பத்திரிகைகள் எழுதின. நம் கரையை அலை தொட்டது 9 மணி வாக்கில். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இதைப் படமாகப் போட்டுப் பாருங்கள். தீவிலிருந்து தலைமைக்குக் கோடு இருக்கிறது. தலைமையிலிருந்து மீனவர் குப்பத்துக்குக் கோடு இல்லை. ஒவ்வொரு புள்ளியிலும் கெட்டிக்காரர்கள் இருந்தும் பிரயோஜனம் இல்லை. 1999-இல் கார்கில் போருக்குப் பின் அமைந்த, திருச்சியில் பிறந்த கே. சுப்பிரமணியம் தலைமையிலான குழுவும் உளவுத் துறைகளுக்கு இடையே தகவல் பரிமாற்றம் போதவில்லை என்றுதான் சொன்னது.

2007-இல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது. விடுபட்ட கோட்டைப் போடும் வேலை அது.

நம் கடையநல்லூரில் வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பாத தெரு அபூர்வம். அங்கே ஒருவருக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால், சேதி எத்தனை பேர் வழியாக வீட்டுக்கு வருகிறது? ஒரே ஆளை நம்பியா இருக்கிறது? மாணவத் தம்பிகளே, தங்கைகளே, ஒரு காகிதமும் பென்சிலும் போதும். உங்கள் தெருவுக்கு இந்தப் படத்தை வரைந்து பாருங்கள். எங்கே ஒற்றைக் கோடு தெரிகிறதோ, அங்கே இன்னொன்று போட்டு வையுங்கள்.