ரெட்டுக்கு ஃபாலோ

சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் வட சென்னையின் புதுவண்ணாரப்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடிப் பக்கம் சந்துகளில் நடந்து போகிறவர்கள் காதில் ஒரு சத்தம் விழும். ‘டொக்’. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ‘டொக்’. சத்தம் வருகிற இடம் பத்துக்குப் பத்து அறையாக இருக்கலாம். மேலே ஷீட் போட்ட ஒரு தெருமுனையாகவும் இருக்கலாம். பலகைக்கு நேர் மேலே, எழுந்தால் தலையில் இடிக்கிற உயரத்தில், மூடி போட்ட ஒரு பல்பு தொங்கும். அதுதான் கேரம் கிளப்.

பலகை ஏறக்குறைய 74 சென்டிமீட்டர் சதுரம். அதைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்திருந்தால் பத்துப் பேர் நின்றிருப்பார்கள். நிற்பவர்களில் பொடியன்களும் உண்டு. வந்த உடனே அவர்களுக்கு ஆட்டம் கிடைத்துவிடாது. போரிக் பவுடரைத் தூவித் தேய்க்க வேண்டும், காயை அடுக்கித் தர வேண்டும், அண்ணன்மார் ஆடும்போது வாயை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். ஸ்ட்ரைக்கர் குழியில் விழுந்தால் மைனஸ். போட்ட காயில் ஒன்றை எடுத்துத் திரும்பப் பலகையில் வைக்க வேண்டும். சிவப்புக் காயான ரெட்டைப் போட்டால் மட்டும் போதாது, அதையடுத்துத் தன் காய் ஒன்றையும் போட வேண்டும். அதற்கு ஃபாலோ என்று பெயர். ஃபாலோ தவறினால் ரெட் மறுபடியும் நடுவுக்கு வந்துவிடும். வீட்டில் எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிற எட்டு வயதுப் பையன், இங்கே “மைனஸ்டா” என்று ஒரு அண்ணன் சொன்னதும் மறுபேச்சில்லாமல் காயை எடுத்து வைப்பான். எந்த வாத்தியாரும் பொறாமைப்படக்கூடிய காட்சி.

ஆனால், “கிளப்புக்குப் போனா உருப்படமாட்ட” என்று திட்டாத அம்மாக்கள் அந்தப் பகுதியில் குறைவு. அந்தத் திட்டில் நியாயமும் உண்டு. பந்தயம் வைத்து ஆடுகிற கிளப்புகள் இருந்திருக்கின்றன. அடிதடியில் முடிந்த ஆட்டங்களும் இருந்திருக்கின்றன. 2018-இல் வந்த ‘வட சென்னை’ படத்தில் தனுஷ் ஏற்றது கேரம் ஆட்டக்காரன் வேடம். அந்தப் படம் பார்த்தவர்களுக்குப் பலகையைவிடக் கத்திதான் அதிகம் ஞாபகம் இருக்கும்.

சினிமா காட்டாத கதை இன்னொன்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991-லும் 1995-லும் கேரம் உலகச் சாம்பியன் ஆனார். 1996-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருது அவருக்குக் கிடைத்தது. கேரமுக்கு அந்த விருதை முதலில் வாங்கித் தந்தவர் அவர்தான். பன்னாட்டு கேரம் கூட்டமைப்பு 1988-இல் தொடங்கப்பட்டதும் இதே சென்னையில்தான். அடுத்து, வியாசர்பாடியின் இளவழகி. மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள். 2008-இல் பிரான்சின் கான் நகரத்தில் மகளிர் உலகப் பட்டத்தை வென்றார். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என்று மூன்று தங்கம் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு வயது 17. தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் பரிசு அளித்தது.

காசிமாவின் கதையில் கவனிக்க வேண்டியவர் அவருடைய அப்பா. ஆட்டோ ஓட்டுநர். தன் பேட்டைப் பிள்ளைகளுக்காக ஒரு கேரம் பயிற்சி மையத்தை நடத்திவந்தார். மகளும் அங்கேதான் கற்றுக்கொண்டார். இப்படிப்பட்ட மையங்களுக்குப் பெரிய மூலதனம் தேவைப்படுவதில்லை. நாலு பலகை, பவுடர், கரண்ட் பில், தினமும் தவறாமல் பூட்டைத் திறக்கிற ஓர் ஆள். கடைசியாகச் சொன்னதுதான் கிடைப்பது கஷ்டம். அந்த ஆள் ஊர் மாறிவிட்டாலோ படுத்துவிட்டாலோ பலகை சுவரில் சாய்ந்துவிடும்.

ஒற்றை அறை வீடுகளில், நைட் ஷிஃப்ட் முடித்த அப்பா பகலில் தூங்கும்போது பிள்ளைக்கு உள்ளே இடமில்லை. வெளியே தெரு. இரண்டுக்கும் நடுவே பெரியவர் ஒருவரின் கண் படுகிற இடம் ஒன்று வேண்டியிருக்கிறது. சில பேட்டைகளில் அது கேரம் அறை, சில பேட்டைகளில் மைதானம். வியாசர்பாடியில் கால்பந்தோடு படிப்பையும் கவனிக்கிற சங்கம் ஒன்று இயங்கிவருகிறது. அந்தப் பகுதியில் பந்து உதைத்து வளர்ந்த தனபால் கணேஷ், சென்னையின் எஃப்சிக்கும் இந்திய அணிக்கும் ஆடினார்.

எல்லாரும் சாம்பியன் ஆகிவிடப் போவதில்லை. ஆனாலும் கேரமில் ஒரு வசதி உண்டு. ரிசர்வ் வங்கி, எல்ஐசி, பெட்ரோலிய நிறுவனங்கள் எல்லாம் கேரம் அணி வைத்திருப்பவை. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை வாங்கியவர்களைப் பேட்டையில் எல்லாருக்கும் தெரியும். திட்டின அம்மாவே பின்னாளில், “நேஷனல்ஸ் எப்போடா?” என்று கேட்பதற்குக் காரணம் அதுதான்.

பெண் பிள்ளைகளுக்குத்தான் இந்த அறைகள் தாமதமாகத் திறந்தன. இரவில் ஆண்கள் கூடும் இடத்துக்கு மகளைத் தனியே அனுப்ப எந்த வீடும் யோசிக்கும். அப்பாவோ அண்ணனோ ஆடுகிற வீட்டிலிருந்துதான் பெரும்பாலும் முதல் பெண் பலகைக்கு வருகிறாள். அவள் உட்கார்ந்த பிறகு பக்கத்து வீட்டுப் பெண் வந்து நிற்கிறாள். ஒன்பது மணிக்கு வாசலில் அம்மாவின் குரல் கேட்கிறது. “இன்னும் ஒரே ஒரு போர்டும்மா” என்று தலையைத் தூக்காமலே பதில் வருகிறது. ரெட் குழியோரத்தில் நிற்கிறது. ஃபாலோவுக்கு எந்தக் காயை வைத்துக்கொள்வது என்று அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.