சினைப்பைக் கட்டி: பயப்படவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம்

(மும்பை மாதுங்காவில் நடந்த மகளிர் கூட்டத்தில் பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஸ்கேன் ரிப்போர்ட்டில் "சினைப்பையில் கட்டி" என்று பார்த்தவுடன் நம்மில் சிலர் புற்றுநோய் என்றே முடிவு கட்டி, ஆபரேஷனுக்கு நாள் பார்க்கிறார்கள். வேறு சிலர் ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். இரண்டும் தவறு என்று சொல்லவே வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன் செம்பூரிலிருந்து 23 வயதுப் பெண் ஒருத்தியை அழைத்து வந்தார்கள். 8 செ.மீ. கட்டி இருப்பது இரண்டு மாதம் முன்பே தெரியும். வரன் பார்த்துக்கொண்டிருந்ததால், "கல்யாணம் ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தாயார் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு நாள் ராத்திரி தாங்க முடியாத அடிவயிற்று வலி, வாந்தி. அஜீரணம் என்று ஓமத் தண்ணீர் கொடுத்து, இரண்டு நாள் கழித்துத்தான் வந்தார்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டு, ரத்த ஓட்டம் நின்று அழுகியே போயிருந்தது. எடுக்கும்படி ஆயிற்று. முன்பே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுத்திருக்கலாம். இன்னொரு சினைப்பை நன்றாக இருந்ததால், அந்தப் பெண் பிற்பாடு ஒரு குழந்தைக்குத் தாயானாள். ஆனாலும் அந்தத் தாயாரின் வருத்தம் தீரவில்லை.

எல்லாக் கட்டிக்கும் கத்தி வேண்டுமா? வேண்டாம். மாதாமாதம் கருமுட்டை வளர்வதே ஒரு சிறு நீர்ப்பையில்தான். சில மாதம் அது உடையாமல் பெரிதாகும். தெளிந்த நீர் மட்டும் உள்ள, 5 செ.மீ.க்கு உட்பட்ட கட்டி பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே மறையும். கருத்தடை மாத்திரை அதைக் கரைக்கும் என்று முன்பு கருதினார்கள். ஆய்வுகளில் அது நிரூபணமாகவில்லை. 5 முதல் 7 செ.மீ. வரை என்றால் வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்துக் கவனிக்கலாம். அதற்கு மேல் வளர்ந்தாலோ, வலித்தாலோ, ஸ்கேனில் சந்தேகம் தோன்றினாலோ ஆபரேஷன் பற்றி யோசிக்கவேண்டும். முடியும் கொழுப்பும் சேர்ந்த 'டெர்மாய்டு' கட்டியும், பழைய ரத்தம் தேங்கிய 'சாக்லேட்' கட்டியும் பொதுவாகத் தானாகக் கரையாது. 'பி.சி.ஓ.டி.' என்பது வேறு விஷயம். அதற்கு உணவுக் கட்டுப்பாடு, நடைப்பயிற்சி, மாத்திரை இவையே முக்கியம்.

ஆபரேஷன் என்றால் இன்று பெரும்பாலும் லேப்ராஸ்கோபிதான். மயக்க மருந்து கொடுத்து, வயிற்றுக்குள் கரியமில வாயுவைச் செலுத்தி, 5 முதல் 10 மி.மீ. அளவுள்ள மூன்று நான்கு துளைகள் வழியே காமிராவும் கருவிகளும் நுழைப்பார்கள். கட்டியை மட்டும் உரித்து, ஒரு சிறு பையில் போட்டு வெளியே எடுப்பார்கள். ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். ஜெர்மனியின் கீல் நகரில் இம்முறையை வளர்த்த குர்ட் செம் ஒரு மகளிர் மருத்துவரே. நம் மும்பை ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் டாக்டர் டெஹம்டன் உட்வாடியா 1990-இல் இந்தியாவிலேயே முதன்முதலாகத் துளை வழியே பித்தப்பையை அகற்றிக் காட்டினார்.

மாதவிலக்கு நின்ற மாமிகளுக்கு ஒரு வார்த்தை. வயிறு உப்புசம், கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடுவது, அடிக்கடி சிறுநீர் போவது இவை புதிதாக வந்து சில வாரங்கள் நீடித்தால், "வாயு" என்று பெருங்காயத்தோடு நிறுத்திவிடாதீர்கள். ஸ்கேனும் சி.ஏ.125 ரத்தப் பரிசோதனையும் தேவைப்படும். அந்த ரத்த எண் வேறு காரணங்களாலும் ஏறும். அதை மட்டும் வைத்து நடுங்கவேண்டாம். புற்றுநோய்ச் சந்தேகம் பலமாக இருந்தால் புற்றுநோய் அறுவை நிபுணரிடமே போகவேண்டும். கட்டி உள்ளே உடைந்துவிடக் கூடாது என்பதால், அப்போது வயிற்றைத் திறந்து செய்வதே வழக்கம். பரேலில் 1941 முதல் டாட்டா நினைவு மருத்துவமனை இருக்கிறது.

டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். இது எந்த வகைக் கட்டி? காத்திருந்து பார்க்கலாமா? கட்டியை மட்டும் எடுக்க முடியுமா, சினைப்பையையும் எடுக்கவேண்டுமா? எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்புவீர்களா? "குழந்தைகள் பிறந்தாயிற்றே, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்று நீங்களாகச் சொல்லாதீர்கள். இளம் வயதில் இரண்டு சினைப்பைகளையும் இழந்தால் எலும்பும் இருதயமும் பாதிக்கப்படலாம்.

நம் அகத்துக்கு வேலைக்கு வரும் தாராவி சகோதரியிடமும் இதைச் சொல்லுங்கள். தாராவிக்கு அருகிலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. வலியை அடக்கிக்கொண்டு நம் பாத்திரத்தைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லி, ஒரு நாள் லீவு கொடுத்து அனுப்புங்கள்.

ஜாதகத்தில் தோஷம் இருந்தால் மறைக்காமல் பரிகாரம் தேடுகிறோம். உடம்புக்கு வந்ததை மட்டும் ஏன் மறைக்கவேண்டும்? வீட்டுக்குப் போய் அந்த பீரோவைத் திறந்து பாருங்கள். எல்லோரும் க்ஷேமமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.