சமரச அமைப்புக்கு யார் பணம் கொடுப்பது?

(நம் பகுதியில் இயங்கும் சமரச அமைப்பின் பொருளாளர், சங்கத்தின் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மேல் வீட்டுக் குளியலறைக் கசிவு, கார் நிறுத்தும் இடம், நாய் வளர்ப்பு, பராமரிப்புக் கட்டண பாக்கி. எங்களிடம் வருபவை பெரும்பாலும் இவைதான். நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. இரு தரப்பையும் உட்கார்ந்து பேச வைக்கிறோம்.

2023-ஆம் ஆண்டின் மத்தியஸ்தச் சட்டத்தில் இத்தகைய அக்கம்பக்கத் தகராறுகளுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. இரு தரப்பும் முன்பே சம்மதிக்க வேண்டும், 3 பேர் கொண்ட குழு பேச வேண்டும் என்கிறது. அப்படி எட்டிய உடன்பாட்டை நீதிமன்றத் தீர்ப்பைப் போல நிறைவேற்றக் கோர முடியாது என்றும் சொல்கிறது. ஆக, அந்த உடன்பாட்டின் பலம் நம்பிக்கை மட்டுமே. அதனால்தான் எங்களுக்குப் பணம் எவ்வளவு வருகிறது என்பதோடு யாரிடமிருந்து வருகிறது என்பதும் முக்கியமாகிறது.

சமரசம் பேசுபவர்கள் சம்பளம் வாங்குவதில்லை. ஆனாலும் பகுதிநேர ஊழியர், பயிற்சி, அறை வாடகை, தணிக்கைக் கட்டணம் என்று செலவு உண்டு. மார்ச் 31 அன்று வங்கி இருப்பைப் பார்த்தால் பரவாயில்லை என்றே தோன்றும். அதில் பெரும்பகுதி பயிற்சிக்கென்று வந்த நன்கொடை. வாடகைக்கு எடுக்க முடியாது. அதைக் கழித்தால் மிஞ்சுவது 3 மாதச் செலவுக்குத்தான் வரும்.

ஒரு கட்டுமான நிறுவனம் ஓராண்டுச் செலவு முழுவதையும் ஏற்பதாகச் சொன்னது. நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். நாளை அவர்கள் கட்டிய வீட்டில் விரிசல் என்று ஒருவர் வந்தால், அவர் எங்களை எப்படி நம்புவார்? தகராறுக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கலாமே என்கிறார்கள். ஒருவர் கட்டினால் மற்றவருக்குச் சந்தேகம் வரும். இருவரும் கட்ட வேண்டுமென்றால் வசதி இல்லாதவர் வரமாட்டார்.

ஆகவே உங்களிடம் பெரிய தொகை கேட்கவில்லை. இந்தப் பகுதியின் எல்லாச் சங்கங்களும், வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விகிதத்தில் ஆண்டுச் சந்தா தந்தால் போதும். எந்தச் சங்கத்தின் பங்கும் எங்கள் செலவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சந்தா தராத குடியிருப்பினரையும் அதே வரிசையில்தான் அழைப்போம்.

தருவதற்கு முன் கணக்கைப் பாருங்கள். மூன்று கேள்விகள் போதும்: விருப்பப்படி செலவிடக்கூடிய பணம் எத்தனை மாதத்துக்கு வரும்? ஒரே நன்கொடையாளர் எவ்வளவு தருகிறார்? அவர் நின்றுவிட்டால் எது நிற்கும்?

தணிக்கை செய்த கணக்கின் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு முடிவெடுங்கள்.