சொல்லி வைப்போம்; எழுதி வைப்போம்

(கொல்லிமலை, செம்மேட்டில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நமக்குப் பின் பணிக்கொடை யாருக்கு என்று வாரிசு நியமனப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் நினைவிழந்து படுத்துவிட்டால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று எழுதியிருக்கிறோமா?

என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது 70 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி மருத்துவமனையில் சேர்த்தோம். சில நாள் கழித்து மருத்துவர், "இனித் தேற வாய்ப்பில்லை. சுவாசக் கருவியைத் தொடரலாமா?" என்று கேட்டார். அண்ணன் தொடரச் சொன்னார். தங்கை "போதும்" என்று அழுதாள். நான் வாயே திறக்கவில்லை. அப்பாவின் விருப்பம் மூவருக்குமே தெரியாது. அவர் போய் ஐந்து ஆண்டுகளாகியும் அண்ணனும் தங்கையும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

மும்பைச் செவிலியர் அருணா ஷான்பாக் 1973இல் தாக்கப்பட்டு, 2015இல் இறக்கும்வரை நினைவு திரும்பாமல் கிடந்தார். அவர் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அவர் விருப்பத்தை மட்டும் அவரிடம் கேட்க வழியில்லை.

2018 மார்ச் 9 அன்று, 'காமன் காஸ்' வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உரிமையே என்றது. முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறை எளிதாக்கப்பட்டது.

18 வயது நிறைந்து, தெளிந்த மனநிலையில் உள்ள எவரும் எழுதலாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரிடம் சான்றொப்பம் பெற வேண்டும். நம் சார்பில் முடிவெடுப்பவர் பெயரையும் குறிப்பிட வேண்டும். மனம் மாறினால் எழுத்து மூலம் திரும்பப் பெறலாம். நாம் பேசும் நிலையில் இருக்கும்வரை நம் வாய்மொழிதான் செல்லும். நோய் தீராது என்பதை இரண்டு மருத்துவக் குழுக்கள் உறுதிசெய்த பிறகே கருவிகள் அகற்றப்படும். இது ஊசி போட்டுக் கொல்வதல்ல. வலி நீக்கும் சிகிச்சை தொடரும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "வாயைக் கழுவுடா" என்றார். ஒரு வாரம் கழித்து அவரே, "எனக்குக் குழாயெல்லாம் வேண்டாம். நம்ம வீட்டுத் திண்ணையிலயே கிடக்கணும்" என்றார். அண்ணனையும் தங்கையையும் அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே அம்மாவை மறுபடி சொல்ல வைத்தேன்.

எல்லாச் சிகிச்சையும் வேண்டும் என்பது உங்கள் விருப்பமா? அதையும் சொல்லுங்கள். எதுவானாலும், பிள்ளைகளை ஊகிக்க விட்டுவிடாதீர்கள். இன்று வீட்டில் பேச்சைத் தொடங்குங்கள்.