மகரக்கட்டு உடையும் வயது

கடைசி வரிசையில் ஒன்பதாம் வகுப்புத் தம்பிமார்கள் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். இன்றைக்கு நான் பேச வந்ததே அந்தக் கடைசி வரிசையைப் பற்றித்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற இந்தத் திருவண்ணாமலைப் படியோரம் நின்று பாருங்கள். ராஜபாளையத்துக் கூட்டமும் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கூட்டமும் சீனிவாசப் பெருமாளைப் பார்க்கக் கோவிந்தா போட்டுக்கொண்டு ஏறும். தாத்தாமார் பாடுவார்கள். இடுப்பில் இருக்கிற பிள்ளைகூடக் கூவும். பதினாலு வயசுப் பையன் மட்டும் வாயைத் திறக்கமாட்டான். கேட்டால், "எனக்குப் பாட்டு வராது" என்பான். போன வருஷம் வரைக்கும் வந்த பாட்டுத்தான் அய்யா அது!

அவனுக்கு மகரக்கட்டு உடைகிறது. குரல்வளை வளர்கிறது, குரல் நாண் நீளுகிறது, தடிக்கிறது. ஐந்து கட்டையில் கணீரென்று பாடிய பையன் ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துக்குள் ஒரு கட்டைக்கு இறங்கிவிடுகிறான். இறங்குகிற காலத்தில் குரல் அவன் பேச்சைக் கேட்காது. கீச்சென்று கிளம்பும், நடுவில் அறுந்துபோகும். வகுப்பே சிரிக்கும். அன்றைக்கு மூடிய வாயைச் சில பேர் கல்யாண வீட்டில்கூடத் திறப்பதில்லை. பெண் பிள்ளைகளுக்கும் குரல் மாறத்தான் செய்கிறது. சற்றே இறங்கும், காற்றுக் கலந்து ஒலிக்கும். ஆனால் அது உடைந்து தெரியாது, அதனால் யாரும் கவனிப்பதில்லை.

நம் நாடகக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் பாலர் சபை வைத்தார். பையன்களே நடிக்கிற அந்த பாய்ஸ் கம்பெனிகளில் பாட்டுத்தான் சோறு. மகரக்கட்டு உடைந்தால் ராஜபார்ட்டும் போச்சு, ஸ்திரீபார்ட்டும் போச்சு. நடிகர் பி.யு. சின்னப்பாவுக்கு அப்படித்தான் நேர்ந்தது. குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். அதோடு பாட்டை விட்டாரா? இல்லை. முறையாகச் சங்கீதம் கற்றார், உடம்பைத் தேற்றினார். பிறகு வந்த படங்கள்தான் 1940இல் 'உத்தம புத்திரன்', 1944இல் 'ஜகதலப்பிரதாபன்'. உடைந்த குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் இருந்தது. அதைத் தேடிக் கொடுக்க ஒரு வாத்தியார் இருந்தார்.

நம் பள்ளிக்கூடத்தில் அந்த வாத்தியார் எங்கே? 2012இல் தமிழ்நாடு அரசு பகுதிநேர ஆசிரியர்கள் 16,549 பேரை நியமித்தது. ஓவியம், தையல், கணினி, உடற்கல்வி, அவற்றோடு இசையும். வாரத்துக்கு மூன்று அரை நாள், தொடக்கத்தில் மாதம் 5,000 ரூபாய். அந்தச் சம்பளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த மேடை இன்றைக்கு முடியாது, விடுங்கள். நான் சொல்ல வருவது வேறு. அவர்கள் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். குரல் உடைந்து பையன் தவிக்கிற ஒன்பதாம் வகுப்பில் கைவிட்டுவிடுகிறோம். அங்கே பாட்டுப் பீரியடு என்று ஒன்று கால அட்டவணையில் இருந்தாலும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார். திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை.

2022இலிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத்திருவிழா நடக்கிறது. மனசாரப் பாராட்டுகிறேன். ஆனால் போட்டிக்குப் போவது ஏற்கெனவே பாடத் தெரிந்த பிள்ளை. பாட வராதென்று ஒதுங்கியவனை எந்தப் போட்டியும் அழைக்காது.

ஒதுங்கியவனையும் பாட வைக்க வழி உண்டா? ஹங்கேரியில் சோல்டான் கோடாய் என்றொரு இசையறிஞர் இருந்தார். அவர் வழியில் 1950இல் கெச்கெமேட் ஊரில் தினமும் பாடுகிற பள்ளிக்கூடம் ஒன்று தொடங்கியது. முதல் பாடம் எது தெரியுமா? பெரிய மேதைகளின் உருப்படி அல்ல, அந்த மண்ணின் நாட்டுப்பாட்டு. நமக்கு அந்தச் சரக்குக்கா பஞ்சம்? ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் கூப்பிடு தூரம். அங்கே கோயிலில் அரையர் தாளம் தட்டிப் பாடுகிறார். இந்தப் பக்கம் தேவராட்டத்துக்கு உருமி அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கும்மிப் பாட்டு கட்டுகிற ஆச்சிமார் இருக்கிறார்கள். விருதுநகரில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதசுரமும் தவிலும் தேவாரமும் சொல்லித் தருகிறார்கள். பன்னிரண்டு வயசானால் சேரலாம்.

ஆனால் எல்லாப் பிள்ளையும் அங்கே போக முடியாது, போகவும் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பீரியடு போதும். குரல் உடைகிற பையனை மேல் ஸ்தாயிக்கு இழுக்காதீர்கள். சுருதியை அவனுக்குத் தக்கபடி இறக்கி வையுங்கள். வகுப்புக்கே ஒரே கட்டை என்று அடம்பிடிக்காதீர்கள். குரல் அறவே ஒத்துழைக்காத மாதங்களில் கையில் ஜால்ராவைக் கொடுங்கள், உருமியைக் கொடுங்கள். லயம் பிடிபட்டவனுக்குச் சுருதி பின்னால் வந்து சேரும். சேர்ந்து பாடும்போது எவன் குரல் கீச்சென்றாலும் கூட்டத்தில் அமுங்கிப்போகும். அதனால் முதலில் கோஷ்டியாகப் பாடவிடுங்கள், தனியாக எழுப்பி நிறுத்தாதீர்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற பெற்றோர்கள் இங்கே வந்திருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் கழிப்பறை, சுற்றுச்சுவரோடு இதையும் ஒரு தீர்மானமாக எழுதுங்கள்: ஒன்பதாம் வகுப்பின் பாட்டுப் பீரியடை யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. ஊரில் உருமி அடிக்கிற அண்ணாச்சியை மாதம் ஒருநாள் பள்ளிக்கு அழைப்பது. அவருக்குப் பஸ் காசும் மதியச் சாப்பாடும் ஊர் பார்த்துக்கொள்ளும் என்று அதிலேயே எழுதிவிடுங்கள்.